முப்பத்தேழு சீட்டும் ஒரே பெயரும்

அகராதித் துறை போன மாதம் ஐம்பதாம் ஆண்டு மலர் வெளியிட்டது. அதில் வேலை பார்த்தவர்கள் எல்லாருடைய பட்டியலும் இருக்கிறது. அறுபத்தெட்டாம் பக்கத்தில், மேலிருந்து பதினோராவது வரியில் என் தம்பி பெயர். அதற்கு நேரே 'கிடங்குக் காப்பாளர்' என்று போட்டிருக்கிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஒன்பது வருடம் அவன் கிடங்கில் புத்தகக் கட்டுகளை எண்ணினான். ஆனால் அதற்கு முன்னால் பதினேழு வருடம் அந்தத் துறைக்குச் சொல் சேகரித்துக் கொடுத்தவனும் அவன்தான். அந்தப் பதினேழு வருடத்துக்கு மலரில் ஒரு எழுத்து இல்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரைதான் படித்தேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அவனைப் படிக்க வைத்தேன். அவன் என்னைவிட ஐந்து வயது இளையவன். எழுதியதை அவனிடம் காட்டினேன். இரண்டு தேதிகளைத் திருத்தினான். அவனைப் புகழ்ந்த இடங்களை அடித்துவிடச் சொன்னான். தேதியை மட்டும் திருத்திக்கொண்டேன்.

துறையில் அவனுக்குக் கொடுத்த வேலை பேச்சு வழக்கு. புத்தகத்தில் வராத, வாயில் மட்டும் புழங்கும் சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். அதற்கென்று அரை அஞ்சலட்டை அளவில் கெட்டிச் சீட்டு அச்சடித்து வைத்திருந்தார்கள். மேலே சொல். நடுவில் அந்தச் சொல் வந்த வாக்கியம், சொன்னவர் சொன்னபடியே. கீழே சொன்னவர் பெயர், தொழில், இடம், தேதி. கடைசியில் எழுதியவர் கையெழுத்து. சொன்னவர் பெயர் இல்லாத சீட்டை 'அநாதைச் சீட்டு' என்பார்கள். அது குப்பைக்கூடைக்குப் போகும். ஒரு சொல் அகராதியில் ஏற வேண்டுமானால் மூன்று வெவ்வேறு ஆட்கள் சொன்ன மூன்று சீட்டுகள் வேண்டும். இந்த விதியை எழுதியவனும் என் தம்பிதான். அதற்கு முன்பு பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து, 'இந்தச் சொல் உண்டு, இது இல்லை' என்று தலையை ஆட்டி முடிவு செய்துகொண்டிருந்தார்களாம்.

சட்டைப்பையில் எப்போதும் இருபது சீட்டு இருக்கும். பேருந்து வரிசையில், முடிதிருத்தும் கடையில், காய்கறிச் சந்தையில் சும்மா நிற்பான். அவன் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் வந்தால் அதிகம். காது மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். தெருவில் அவனைச் 'சீட்டு' என்றே கூப்பிட்டார்கள். அவனுக்குப் பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளைக்குச் சீட்டுதான் பிழைப்பு என்று யாரோ சொல்லிவிட, பெண்ணின் அப்பா பயந்துபோய், ஒரு நாளைக்கு எவ்வளவு தோற்பார் என்று என்னிடமே தனியாகக் கேட்டார். கல்யாணம் நடந்தது. என் நாத்தனார் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

பதினேழாவது வருடம் எல்லையில் சண்டை வந்தது.

ஊர் முழுக்கக் கொடி. பேருந்தின் கண்ணாடியில், கசாப்புக் கடைத் தராசின் முள்ளில், பல் டாக்டர் பலகைக்கு மேல். நான் அப்போது ஆஸ்பத்திரித் தையல் கூடத்தில் படுக்கை விரிப்பு தைத்துக்கொண்டிருந்தேன். விரிப்பை நிறுத்திவிட்டுக் கொடி தைக்கச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்று இருபது. நான் ஓரம் மடித்து இரட்டைத் தையல் போட்டேன். மேற்பார்வையாளர் வந்து பார்த்துவிட்டு, ஓரம் தேவையில்லை, வெட்டி அப்படியே குச்சியில் ஒட்டுங்கள் என்றார். காற்றில் இரண்டு நாளில் நூல் பிரிந்துவிடுமே என்றேன். ஆட்டுவதற்குத்தானே, அலசவா போகிறார்கள் என்றார். அவர் போன பிறகு நான் பக்கத்து மெஷின்காரியிடம் சொன்னேன்:

"விடு. கொடியாட்டிக்கு ஓரம் எதுக்கு?"

சாயங்காலம் இதைத் தம்பியிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சீட்டை எடுத்தான். இன்னொரு தடவை அதே மாதிரி சொல்லச் சொன்னான். எழுதிக்கொண்டு, கீழே என் பெயரையும் தையல்காரி என்றும் போட்டான். அந்தச் சொல்லுக்கு அது ஒன்பதாம் சீட்டு.

முதல் சீட்டு பேருந்து நடத்துநர் ஒருவருடையது. கையில் கொடி வைத்திருந்த ஓர் ஆள் எழுபது பேர் நின்ற வரிசையைத் தாண்டி முன்னால் போய் ஏறினான். யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் கொடியைத் தடுத்தவன் என்று ஆகிவிடும். நடத்துநர் மட்டும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கொடியாட்டிக்கு வரிசை இல்லப்பா, நாம நிப்போம்" என்றாராம். இந்தச் சொல்லை அதற்கு முன்பு தம்பி கேட்டதே இல்லை. ஒரு மாதத்தில் ஊரெல்லாம் புழங்கியது. யார் உண்டாக்கினார்கள் என்று அவனால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

இருபத்திரண்டாம் சீட்டைப் பற்றி நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருமுனையில் பால் பூத் வைத்திருந்த அம்மாவின் மகன் பட்டாளத்தில் இருந்தான். ஒரே மகன். சண்டை தொடங்கிய நாற்பத்துமூன்றாம் நாள் பெட்டியில் வந்தான். ராணுவ வண்டி தெருவுக்குள் திரும்புவதற்கு முன்பே நகரசபை உறுப்பினர் வந்துவிட்டார். கூட முப்பது பேர், இரண்டு போட்டோக்காரர்கள், வீட்டு வாசலைவிட அகலமான ஒரு கொடி. வண்டி நின்றதும் அந்தக் கொடியை வாசலுக்குக் குறுக்கே விரித்துப் பிடித்துக்கொண்டு, உறுப்பினர் பேச ஆரம்பித்தார். பெட்டியைத் தோளில் வைத்திருந்த ஆறு பேர் உள்ளே போக வழியில்லாமல் நின்றார்கள். அதில் ஒருவன் என் தம்பி. இடது பக்கம், நடுவில்.

அந்த அம்மா உள்ளேயிருந்து வந்தார். அழவில்லை. கொடித் துணியைக் கையால் ஒதுக்கினார்.

"கொடியாட்டிங்க எல்லாம் வெளியில நில்லுங்க. என் புள்ளைய உள்ள கொண்டாங்க."

உறுப்பினரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொடி மடங்கிற்று. பெட்டி உள்ளே போயிற்று.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், தோள் வலியோடு தம்பி மேஜைக்குப் போய் உட்கார்ந்து சீட்டு எழுதினான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"சாவு வீட்டுலயுமாடா காதைத் தீட்டிக்கிட்டு நிப்ப? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

அவன் எழுதி முடித்து மை காயும்வரை சீட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தான். பிறகு, இதை எழுதாமல் விட்டால் அந்த உறுப்பினர் பேசியது மட்டும்தான் நாளைக்கு மிஞ்சும் என்றான். அவர் பேச்சு மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தது உண்மை. அந்த அம்மா சொன்னது எதிலும் வரவில்லை. இருந்தாலும் எனக்கு அன்றைக்கு மனசு ஆறவில்லை.

ஏழு மாதத்தில் முப்பத்தேழு சீட்டு சேர்ந்தது. அகராதியின் ககர வரிசைத் தொகுதி அச்சுக்குப் போயிற்று. அதில் தம்பி எழுதிய பதிவு எனக்கு மனப்பாடம்: 'கொடியாட்டி. பேச்சு வழக்கு. தன் நாட்டுப்பற்றைப் பிறர் காணக் காட்டிக்கொள்பவர். இகழ்ச்சியில் மட்டுமே வரும். தன்னைச் சுட்டி எவரும் வழங்குவதில்லை.'

அந்தக் கடைசி வரியில் அவனுக்குத் தனிப் பெருமை. முப்பத்தேழு பேரில் ஒருவர்கூடத் தன்னைக் கொடியாட்டி என்று சொல்லிக்கொள்ளவில்லை. எல்லாரும் அடுத்தவரைத்தான் சொன்னார்கள். ஓரம் வேண்டாம் என்ற எங்கள் மேற்பார்வையாளரே, எதிர்வீட்டுக்காரர் மொட்டைமாடியில் மூன்று கொடி கட்டியதைப் பார்த்து, "சரியான கொடியாட்டி" என்று பல்லைக் கடித்தார். அது முப்பதாம் சீட்டு.

இதற்கு நடுவில் சுவரெல்லாம் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கொடியையோ கொடிக்கு மரியாதை செய்பவரையோ இழிவாகப் பேசினால் ஆறு மாதம் சிறை. சொல் நிற்கவில்லை, ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மெய்ப்புத் தாளைப் படித்த இயக்குநருக்கு இந்தப் பதிவு கண்ணில் பட்டது. அவர் கெட்டவர் இல்லை. தம்பியின் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர். பயந்தவர். பின்னால் யாராவது கேட்டால் தான் சொல்லவில்லை என்று ஆகக்கூடாது என்பதற்காகத் தாளை மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடத்திலிருந்து ஒன்பது நாளில் பதில் வந்தது. இந்தச் சொல்லுக்கான சான்றுகள் அனைத்தையும், சொன்னவர் விவரத்தோடு, வருகிற திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

இயக்குநர் தம்பியை அழைத்துச் சொன்னதைத் தம்பி ஒரு எழுத்து மாற்றாமல் என்னிடம் சொன்னான். அவனுக்கு மாற்றத் தெரியாது.

"குடுத்துடுங்க தம்பி. உங்களுக்கு என்ன? நீங்க கேட்டு எழுதினீங்க. சொன்னவங்க இடத்துல உங்க பேர் இல்லையே."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தம்பி வீட்டுக்கு வந்து வெகுநேரம் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். முப்பத்தேழு பெயர், முப்பத்தேழு விலாசம், தன் கையாலேயே எழுதியது. நடத்துநர், முடிதிருத்துபவர், பள்ளிக்கூடக் காவல்காரர், நான். இருபத்திரண்டாவது அந்த அம்மா. மகன் செத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு சீட்டையும் சும்மா எழுதக்கூடாது, ஆள் யார் என்று தெரிய வேண்டும் என்று விதி போட்டவனுக்கு, அந்த விதி ஒரு நாள் போலீசுக்கு உதவும் என்று தோன்றவில்லை. இந்தப் பிழையை வேறு யாரும் செய்திருக்க முடியாது. ஏனோதானோ என்று வேலை பார்க்கிறவன் பாதிச் சீட்டில் பெயரே எழுதியிருக்க மாட்டான்.

தொலைந்துவிட்டது என்று சொல் என்றேன். முடியாது என்றான், பதிவேட்டில் அந்தச் சொல்லுக்கு முப்பத்தேழு சீட்டு என்று எண்ணும் தேதியும் இருக்கிறது. நல்லவேளை, பதிவேட்டில் சொன்னவர் பெயர் எழுதும் வழக்கம் இல்லை.

சனிக்கிழமை மதியம் அவன் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபோது அதில் சீட்டுகள் இருந்தன. துறைச் சீட்டு துறையைவிட்டு வெளியே வரக்கூடாது. பதினேழு வருடத்தில் அவன் மீறிய முதல் விதி அது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டுத் தையல் மேஜையில் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொரு சீட்டாகப் படித்தேன். அவன் புதுச் சீட்டில் அதே வாக்கியத்தை, அதே தேதியோடு எழுதினான். சொன்னவர் என்ற இடத்தில் மட்டும் தன் பெயரை எழுதினான். சேகரிப்பவர் தானே பேசும் சொல்லையும் பதியலாம் என்று விதியில் ஒரு மூலையில் இடம் இருந்தது. அவன் அதுவரை அதைத் தொட்டதில்லை.

ஒன்பதாம் சீட்டு வந்தபோது என் பெயரையே இருக்க விடு என்றேன். எல்லாச் சீட்டிலும் வேண்டுமானாலும் என் பெயரைப் போடு என்றேன். எனக்கு என்ன, மெஷின் எங்கே போனாலும் மெஷின்தான்.

"கொடி தைக்கிறவளே கொடியைத் திட்டினாள்னு எழுதுவாங்கக்கா. நீ படி."

படித்தேன். பதினான்காவது முடிதிருத்துபவருடையது: தினம் மாடியில் நின்று பாட்டுப் போட்டவர், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த வாரமே இரண்டு மகன்களையும் கப்பல் ஏற்றிவிட்டாராம். "கொடியாட்டி வீட்டுக் கொடி மட்டும்தான் இங்க இருக்கு." இருபத்தைந்தாவது ஒரு பள்ளிக்கூட ஆசிரியை: "சத்தமா பாடுறவன் கொடியாட்டி, சண்டை நிதிக்குச் சம்பளத்துல பிடிச்சா ஓடுறவனும் அவன்தான்." சில இடங்களில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் ஒரு தடவை வந்தது. இருபத்திரண்டாவதை நான் படிக்காமல் அவனிடம் நீட்டினேன். சீட்டை வாங்கி அவனே பார்த்து எழுதினான்.

ஏழு மாதத்துச் சீட்டுகள் ஒரே மையில் இருக்கக்கூடாது என்று நான்தான் சொன்னேன். நாலு பேனா மாற்றி எழுதினான். காகிதம் புதிதாக வெளுப்பாக இருந்தது. மெல்லிய துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் லேசாக ஒற்றி எடுத்தேன். ஓரம் கொஞ்சம் மங்கிற்று. பதினெட்டாவது கருகிவிட்டது. அதை மட்டும் மறுபடி எழுதினான். நாலே முக்காலுக்கு முடிந்தது.

பழைய சீட்டுகளை எரிக்க வேண்டும். அவன் அடுப்பருகே வந்தான், நின்றான், திரும்பிப் போய் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அதுவரை அவன் ஒரு சீட்டைக்கூடக் கிழித்தவன் இல்லை. அநாதைச் சீட்டைக்கூட, சொன்ன ஆளை மறுபடி தேடிப் பார்ப்பேன் என்று தனிப் பெட்டியில் வைத்திருப்பான். நான் ஒவ்வொன்றாகப் போட்டேன். கெட்டித் தாள், மெதுவாகத்தான் எரிந்தது.

திங்கட்கிழமை இயக்குநர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாதிக்கு மேல் புரட்டவில்லை.

"முப்பத்தேழு தடவையும் நீங்களே சொன்னீங்களா?"

"ஆமா சார். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம்."

அந்த அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்களாம். அவன் வாயை அவர்கள் அறியாதவர்கள் இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. இயக்குநர் சீட்டுகளை அடுக்கிக் கட்டி அனுப்பினார். அவருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்காக அவரை வாழ்த்தவும் மாட்டேன், வையவும் மாட்டேன்.

பதின்மூன்று நாள் காவலில் வைத்தார்கள். எட்டு மாதம் வேலை இடைநீக்கம். விசாரணையில், இந்தச் சொல்லை என்ன செய்யலாம் என்று அவனையே கேட்டார்கள். அவன் விதியைச் சொன்னான்: மூன்று ஆள் வேண்டும், இதில் ஒரே ஆள்தான் இருக்கிறது, விதிப்படி எடுத்துவிட வேண்டும். காவலைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் அவன் ஒரு நாளும் என்னிடம் புலம்பியதில்லை. இதைப் பற்றி மட்டும் இரண்டு தடவை சொன்னான். தொகுதி வெளிவந்தது. 'கொடியவன்' இருக்கிறது, 'கொடியிடை' இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. எட்டு மாதம் கழித்து அவனைக் கிடங்குக்கு மாற்றினார்கள். சொல் சேகரிக்கக் கூடாது என்று தனியாக எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

தெருவில் பேச்சு எப்படிப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. சீட்டு கொடியைத் திட்டினானாம், ஒரு தடவை இல்லை, முப்பத்தேழு தடவை, எழுதி வேறு வைத்தானாம். காவலிலிருந்து வந்த மறுநாள் காலை, பால் வாங்கப் பாத்திரத்தோடு பூத்துக்குப் போனான். அவனுக்கு முன்னால் நாலு பேர், அவனுக்கு அடுத்து நான். அவன் முறை வந்தது. அந்த அம்மா அளவுக் குவளையைக் கீழே வைத்தார்.

"என் புள்ள அந்தக் கொடிக்குக் கீழதான் செத்தான். அதைத் திட்டினவனுக்கு என் கையால ஊத்த மாட்டேன். போப்பா."

நான் வாயைத் திறந்தேன். தம்பி என் கையைப் பிடித்து அழுத்தினான். காலிப் பாத்திரத்தோடு வீடு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் நான் கத்தினேன். ஊருக்கு உழைச்சவனுக்கு இதுவா, ஒரே ஒரு வார்த்தை, ஒரு வார்த்தை நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவங்க கோபம் நியாயம்தான் அக்கா என்றான். அவர் அன்றைக்குத் திட்டியது கொடியை இல்லை, ஆட்டினவர்களை. தான் திட்டியதாக அவர் கேள்விப்பட்டதோ கொடியை. இரண்டும் வேறு வேறு, இது அவருக்கு நன்றாகத் தெரிந்ததால்தான் கோபம் வருகிறது என்றான். தன்னைப் பால் இல்லாமல் அனுப்பிய ஆளுக்காக இப்படி விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தவனை என்ன செய்ய? யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நானே பால் வாங்கினேன். எனக்கு ஒரு லிட்டர், தனிப் பாத்திரத்தில் அரை லிட்டர். அந்த அரை லிட்டர் யாருக்கு என்று அவருக்குத் தெரியும். கேட்டதில்லை. அளவு குறைந்ததும் இல்லை. ஒன்பது வருடம்.

சண்டை ஓய்ந்து, ஆட்சி மாறி, அந்தச் சட்டத்தையும் எடுத்தார்கள். துறைக்குப் புதிதாக ஒரு பதிப்பாசிரியை வந்தார். திருத்திய பதிப்புக்காகப் பழைய கட்டுகளை எல்லாம் பிரித்துப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் கிடங்குக்கே வந்து, தம்பியின் மேஜையில் அந்த முப்பத்தேழு சீட்டையும் வைத்தார். நடத்துநர் பேச்சு நடத்துநர் பேச்சாக இருக்கிறது, ஆசிரியை பேச்சு ஆசிரியை பேச்சாக இருக்கிறது, ஒரு மனிதனுக்கு முப்பத்தேழு வாய் இருக்க முடியாது ஐயா என்றாராம். தம்பி உண்மையைச் சொன்னான். அவர், அசல் இல்லாவிட்டால் என்ன, மூன்று பேரைக் கேட்டுப் புதிதாக எழுதுங்கள், சொல்லைச் சேர்த்துவிடலாம் என்றார்.

இந்தத் தடவை தம்பி விதியில் ஒன்று கூட்டினான். சொன்னவரிடம் சொல்லி, சம்மதம் வாங்கி, பிறகுதான் எழுத வேண்டும். நான் சம்மதித்தேன். முடிதிருத்துபவர் சம்மதித்தார், பெயரைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னார். மூன்றாவதற்கு ஆசிரியை இருந்தார், காவல்காரர் இருந்தார். தம்பி பால் பூத்துக்குப் போக வேண்டும் என்றான். அவர் இல்லாமல் அந்தச் சொல்லுக்கு முழு அர்த்தம் எழுத வராது என்றான். எனக்கு இரண்டு மனசு. தெரியாமல் செய்த நல்லது தெரியாமலே இருக்கட்டும் என்று ஒரு மனசு. ஒன்பது வருடத்துக்கு இன்றைக்காவது ஒரு முடிவு வரட்டும் என்று ஒரு மனசு.

காலைக் கூட்டம் போன பிறகு, பத்தரை மணிக்குப் போனோம். அந்த அம்மா குவளைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். தம்பியைப் பார்த்ததும் கை நின்றது. அவன் நின்றபடியே சொன்னான். பெட்டி வந்த நாள், அவர் சொன்னது, அதைத் தான் வீட்டுக்குப் போய் எழுதியது, கீழே அவர் பெயரைப் போட்டது, மேலிடம் கேட்டது, பெயர் மாற்றியது. எதையும் கூட்டவில்லை. சாவு வீட்டில் கேட்டு எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டான். அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் ஈரம் காயவில்லை.

"அப்பவே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? ஆமா, நான்தான் சொன்னேன்னு நானே வந்து சொல்லிருப்பேனே."

"தெரியும்மா. அதனாலதான் கேக்கல."

அவர் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  ஒரு சைக்கிள் போனது. ஒரு பெண் வந்து பால் இருக்கிறதா என்று கேட்டு, எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

"ஒன்பது வருஷம்" என்றார். அது எங்களைப் பார்த்துச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா, தெரியாது. பிறகு, அந்தப் புத்தகத்தில் இதற்கு என்ன அர்த்தம் போடுவாய் என்று கேட்டார். தம்பி பழைய பதிவைச் சொன்னான். முதலில் இருந்தது அவனுக்கு இப்போது போதவில்லை என்பதால், 'உண்மைப் பற்று இல்லாமல்' என்று சேர்த்து எழுதியிருந்தான். அதையும் சொன்னான்.

அந்த அம்மா தலையை ஆட்டினார்.

"இல்லாமன்னு எப்படிப்பா எழுதுவ? அந்தாளுக்கும் நாட்டு மேல பாசம் இருந்திருக்கும். இல்லன்னு நான் சொல்ல முடியுமா? நெஞ்சைத் திறந்தா பாத்தேன்? அன்னைக்குச் செலவு என்னோடது, ஆட்டினது அவரு. நான் சொன்னது அவ்வளவுதான்."

தம்பி பேனாவை எடுத்தான். 'உண்மைப் பற்று இல்லாமல்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தான். மேலே எழுதினான்: 'பிறர் கொடுத்த விலையின் மேல் நின்று'. அதைப் படித்துக் காட்டினான். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். சரி என்றார்.

சீட்டின் கீழ்ப்பகுதியில் தன் பெயரை அவரே எழுதினார். எழுத்து வரியைவிட்டுக் கீழே இறங்கிற்று. தொழில் என்ற இடத்தில் என்ன போட வேண்டும் என்று தம்பி கேட்டான். பால்காரி என்று போடு என்றார். அதை அவன் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டான். நாங்கள் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து அந்த அரை லிட்டரை நீ வாங்க வேணாம். அவனை வரச் சொல்லு."